நோன்பாளி மாப்பிள்ளை

அந்த ரமழானில் சாய்ந்தமருதில் முனவ்வறாவைப் போல் பெருமைப்பட்ட தாய் இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள். பெருமைப்படாமல் என்ன செய்வாள்? தம்புள்ளையிலிருந்து கல்முனைச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிற அவளுடைய மகன் நிப்றாஸ், இரவெல்லாம் கண்விழித்து வந்து, விடியுமுன் தின்கிற சஹர் சாப்பாட்டுக்கும் உட்காராமல் அப்படியே நோன்பு பிடித்தான். "ஒரு வாய் தின்னு மனே" என்று தட்டோடு அவன் பின்னாலேயே திரிவாள். "பசிக்கல்ல உம்மா" என்பான். பகலில் படுக்கவும் மாட்டான். வளவைக் கூட்டினான், கிணறு இறைத்தான், மதிலுக்கு வெள்ளை அடித்தான், அடித்த மதிலுக்கே மறுபடியும் அடித்தான். நோன்பு திறக்கிற நேரத்திலும் ஒரு பேரீச்சம்பழம், அரைக் கோப்பை கஞ்சி, அவ்வளவுதான். இரவில் தறாவீஹ் தொழுகையில் மற்றப் பொடியன்மார் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்க, இவன் முன்வரிசையில் கண் இமைக்காமல் நின்றானாம். பள்ளிக்குப் போன ஆட்களே வந்து சொன்னார்கள்.

முனவ்வறா அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா? அவள் வட்டிலப்பம் அவித்து விற்கிறவள். புருஷன் மௌத்தான நாளிலிருந்து அந்தத் தொழிலில்தான் மகளையும் மகனையும் வளர்த்தெடுத்தாள். நோன்பு காலத்தில் அவளுடைய அடுப்பு அணையாது. காரைதீவிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும்கூட ஆட்டோ பிடித்து வந்து வாங்கிப் போவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் வட்டிலப்பத்தோடு மகனின் கதையையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"எண்ட புள்ள சஹரும் இல்லாம நோன்பு பிடிக்கான். வானத்து மலக்குமார்ர பலத்த அல்லாஹ் அவனுக்குக் குடுத்திரிக்கான்."

"மாஷா அல்லாஹ். இந்தக் காலத்துல இப்பிடியும் ஒரு பொடியனா!" என்று அவர்களும் வாய் பிளந்தார்கள். கேட்ட கதையைத் தங்கள் தங்கள் ஊருக்கும் கொண்டுபோனார்கள். பாவி மனுஷி, அந்த ஒரு மாதம் வாயைக் கொஞ்சம் கட்டி வைத்திருந்தால், ஒன்றும் அறியாத ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை தப்பியிருக்கும்.

நோன்பு முடிந்தது, பெருநாளும் முடிந்தது. நிப்றாஸுக்குப் பசி மட்டும் திரும்பி வரவில்லை. பெருநாள் சோற்றையும் விரலால் அளைந்துவிட்டு எழும்பினான். சும்மா இருக்கிறபோதும் பல்லை நறநறவென்று அரைத்தான். கையில் பூச்சி ஊருகிறது என்று கிள்ளிக் கிள்ளி இரண்டு கையும் புண்ணாகிப் போனது. முகட்டுக்குள் ஆள் ஒளித்திருக்கிறான் என்று ஏறி ஓட்டைக் கழற்றினான். பிறகு திடீரென்று ஒருநாள் விழுந்து படுத்தான். பாங்கு சொன்னாலும் தெரியாது, பக்கத்தில் வெடி வெடித்தாலும் தெரியாது. எழும்பினால் வாயில் பால் வார்த்த தாயையே தூஷணத்தால் ஏசினான். முனவ்வறா கண்ணூறு என்று நினைத்தாள், ஜின் என்று நினைத்தாள். தண்ணீர் ஓதி வாங்கி வந்து கொடுத்தாள். கிளாசைத் தட்டிவிட்டான்.

அடுத்ததாக வீட்டுச் சாமான்கள் நடக்கத் தொடங்கின. முதலில் மகள் றுக்ஸானாவின் கிறைண்டர் போனது. பிறகு, வட்டிலப்பம் அவிக்கிற பெரிய பித்தளைச் சட்டி போனது. அந்தச் சட்டி போன அன்று முனவ்வறா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுதாள். றுக்ஸானாவின் புருஷன் பஸால் பள்ளிக்கூட மாஸ்டர், அதிகம் கதைக்காத மனிதர். அவர்தான் குளியலறை முகட்டிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயையும் கருகிய ஈயத்தாளையும் எடுத்து வந்து அவளுக்கு முன்னால் வைத்தார்.

"மாமி, இது ஐஸ். போதை மருந்து. எங்கட பள்ளிக்கூடத்துலயும் ரெண்டு புள்ளைகள்ட புத்தகப் பேக்குக்குள்ள பிடிச்ச நாங்க. இத அடிச்சா நித்திர வராது, பசிக்காது. மனுசன் யந்திரம் மாதிரி ஓடுவான். மறுகா அப்பிடியே முறிஞ்சி விழுவான்."

முனவ்வறாவுக்கு அந்தச் சொற்களில் இரண்டுதான் காதில் ஏறின. நித்திரை வராது, பசிக்காது. அவள் எழும்பி மகனுடைய அறைக்குப் போனாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான்.

"யார்றா தந்த?"

அவன் அழத் தொடங்கினான். "லொறியில கூட ஓடுற பெரிய றைவர்தான் தந்த உம்மா. கண்ணசந்தா லொறியோட சாவோம், இத எடு எண்டு தந்த. ஒரு தரந்தான் எண்டு நினைச்ச நான். இப்ப அது இல்லாம எழும்பக்கூட ஏலாம இரிக்கி. விட்டுர்றன் உம்மா. வல்லாஹி விட்டுர்றன்."

"அப்ப நோன்பு?" என்று கேட்டாள் முனவ்வறா. "நோன்பு பிடிச்சியே மனே?"

அவன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். களவு போனதையும் ஏசினதையும்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட அந்த நோன்பு பொய் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த அறைக்குள்ளேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

பஸால் மாஸ்டர் இருவரையும் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டொக்டர் பெண்பிள்ளை, நல்ல பொறுமைசாலி. இது கெட்ட குணமில்லை, மூளையைப் பிடிக்கிற நோய் என்றார். இப்படியே போனால் இதயம் கெடும், பல் கொட்டும், ஒருநாள் ஆளையே அடையாளம் தெரியாமல் யாரையாவது வெட்டவும் கூடும் என்றார். தூரத்தில் ஒரு புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது, சில மாதம் அங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கடைசியாக முனவ்வறாவின் முகத்தைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்.

"உம்மா, உங்கட ஆக்கள் சில பேர் இதுக்குக் கலியாணம் முடிச்சி வைப்பாங்க. அத மட்டும் செய்யாதீங்க. இது சுகமாகும் வரைக்கும் இன்னொரு புள்ளட வாழ்க்கைய இதுக்குள்ள கொண்டு வராதீங்க."

"ஓம் டொக்டர்" என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் மகனை அந்த நிலையத்துக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் ஊர் கேட்குமே! மலக்கு மாதிரிப் பிள்ளை என்று சொன்ன வாயால், அவன் எங்கே போனான் என்று என்ன சொல்வது? வீட்டிலேயே பூட்டி வைத்துப் பார்ப்போம் என்றாள். பூட்டி வைத்தாள். அவன் கத்தினான், கதவை உதைத்தான், வாந்தி எடுத்தான், கிடந்து நடுங்கினான். பிறகு மெல்ல மெல்ல அடங்கி, கொஞ்சம் சோறு தின்னவும் தொடங்கினான். கன்னத்தில் சதைகூட வைத்தது. அல்லாஹ் காப்பாற்றிவிட்டான் என்று அவள் நம்பினாள். நம்புவதற்கு ஆசை இருந்தால் நம்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இதற்குள் றுக்ஸானா பொறுமை இழந்துவிட்டாள். இந்தக் கரையில் வீடு என்றால் அது மகளுக்கு. தாய் தகப்பன் கட்டி மகளின் பெயரில் எழுதிக் கொடுப்பார்கள். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். முனவ்வறா இருக்கிற வீடும் றுக்ஸானாவின் சீதன வீடு. பின்னால் இருக்கிற சின்ன அறையும் குசினியும்தான் தாய்க்கு.

"எனக்கும் ரெண்டு கொமருப் புள்ளைகள் வளருது உம்மா. இவன வெச்சிக்கிட்டு நான் எப்பிடி நித்திர கொள்ளுற? ஒரு கலியாணத்த முடிச்சி வைங்க. பொண்டாட்டி எண்டு ஒருத்தி வந்தா பொறுப்பு வரும்."

பொறுப்பு வரும் என்று சொன்னாளே தவிர, இங்கிருந்து போவான் என்பதுதான் அவள் மனதில் இருந்தது. முனவ்வறாவுக்கும் அது விளங்கியது. விளங்கியும், அந்த நினைப்பு அவளுக்கும் இனித்தது. டொக்டர் சொன்னது காதில் இருந்தது. அதன் மேல் இதைப் போட்டு மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து உம்மு சல்மா வந்தாள்.

உம்மு சல்மா நிந்தவூர்க்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போனவன். ஒரே மகள் நஸ்லியாவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் குவைத்தில் வருஷக் கணக்காக அரபி வீடுகளைக் கழுவியவள். லீவில் வந்திருந்தவளின் காதில், வட்டிலப்பம் வாங்கப் போன யாரோ கொண்டு வந்த கதை விழுந்துவிட்டது. சஹரும் இல்லாமல் நோன்பு பிடித்த லொறிக்காரப் பொடியன்! புறோக்கர், பெரிய மனுஷர் ஒருவரையும் அனுப்பாமல் நேரே அவளே வந்துவிட்டாள். ஒழுங்கையில் நாலு வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நாலு வீட்டுக்காரரும் அவன் கத்தின கத்தைக் கேட்டவர்கள்தான். கல்யாணத்தைக் குழப்பின பாவம் நமக்கெதற்கு என்று, "தங்கமான புள்ள" என்று அனுப்பியிருந்தார்கள். என்ன அயலோ!

தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டு உம்மு சல்மா முனவ்வறாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சி, எனக்குச் சுத்தி வளச்சிக் கதைக்கத் தெரியா. எண்ட புள்ளைக்கு வாப்பா இரிந்தும் இல்ல. நான் திரும்பவும் குவைத்துக்குப் போகோணும். பொடியனுக்குக் கெட்ட பழக்கம் ஒண்டும் இல்லத்தானே? அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க."

முனவ்வறா அந்தக் கையைப் பார்த்தாள். ப்ளீச் தண்ணீரில் வெந்து, விரல் நுனியெல்லாம் தோலுரிந்த கை. சொல்லிவிட நினைத்தாள். கதவுக்குப் பின்னால் றுக்ஸானாவின் நிழல் தெரிந்தது.

"இல்ல மச்சி. வல்லாஹி இல்ல" என்றாள்.

நாள் குறித்தாயிற்று. பெண் வீட்டுக்கு உடுப்பும் சாமானும் கொண்டுபோகிற அன்று முனவ்வறாவும் போனாள். நஸ்லியா கறுத்து மெலிந்த, சிரிக்கிற பிள்ளை. மாமி மாமி என்று வீடு முழுக்கக் கூட்டிப்போய்க் காட்டினாள். எல்லாம் விலை கூடின முதிரை மரக் கதவு. "இது உம்மா முதல் தரம் போய் வந்து போட்ட கதவு மாமி. இந்த அறக் கதவு ரெண்டாந் தரம். யன்னலுக்கு உம்மா நோன்புலயும் லீவெடுக்கல்ல" என்று ஒவ்வொன்றையும் தடவித் தடவிச் சொன்னாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"மாமி, அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

தட்டோடு மகனுக்குப் பின்னால் திரிந்த அந்த ரமழான் முழுவதும் முனவ்வறாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "எல்லாம் தின்பான் புள்ள" என்று சொல்லிவிட்டு, தலையிடி என்று ஆட்டோவில் ஏறிவிட்டாள். வழியெல்லாம் அழுதாள். மறுநாள் காலையில் றுக்ஸானாவிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் தனியே நிந்தவூருக்குப் போனாள்.

உம்மு சல்மா முற்றத்தில் பந்தல்காரனோடு கதைத்துக்கொண்டு நின்றாள். முனவ்வறா அவளை உள்ளே கூட்டிப்போய், ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ஐஸ், கண்ணாடிக் குழாய், பித்தளைச் சட்டி, டொக்டர், பொய் நோன்பு, எல்லாம்.

உம்மு சல்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய முகம் மெல்ல மெல்ல மாறியது. அது பயத்தினால் வந்த மாற்றமில்லை.

"எனக்கு விளங்குது மச்சி" என்றாள். "வேற இடத்துல கூடத் தாறமெண்டு வந்திரிக்காங்க. இல்லாட்டி கலியாணம் பக்கத்துல வந்த நேரம் எந்தத் தாய் பெத்த புள்ளயப் பத்தி இப்பிடிக் கதைப்பா? நேரா கேட்டிருக்கலாமே!" என்று கையிலிருந்த காப்பைக் கழற்றினாள். "இத வைங்க. பின் வளவையும் பொடியன்ட பேருக்கு எழுதுறன். எண்ட புள்ளட கலியாணத்தக் குழப்பாதீங்க. பந்தல் போட்ட பொறகு நிண்டா அவள நாளைக்கு யார் கேட்பாங்க?"

"ஐயோ, காசுக்கில்ல மச்சி! அல்லாஹ் மேல சத்தியமாச் சொல்லுறன்."

"அண்டைக்கு இல்ல எண்டு சொன்னதும் அல்லாஹ் மேல சத்தியமாத்தானே சொன்னீங்க?"

முனவ்வறா என்ன சொல்வாள்? அன்றைய சத்தியம் பொய், இன்றைய சத்தியம்தான் உண்மை என்று எதை வைத்து நிறுவுவாள்? வீட்டுக்கு வந்து பார்த்தால் நிப்றாஸ் குளித்து, தலை சீவி, புதுச் சாரத்தோடு இருந்து இடியப்பம் தின்றுகொண்டிருந்தான். "உம்மா, நான் நல்லா இரிப்பன்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவளும் தொங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அவளே வட்டிலப்பம் அவித்தாள். மகனை நிந்தவூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, பல மாதத்துக்குப் பிறகு பயமில்லாமல் கண்ணயர்ந்தாள். விடிந்தபோது அந்த நித்திரையை நினைத்துத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

உம்மு சல்மா குவைத்துக்குப் போன பிறகு நிப்றாஸ் எவ்வளவு காலம் நல்லா இருந்தான்? அவள் அங்கே முதல் சம்பளம் எடுக்கிற வரைக்கும்கூட இல்லை. லொறி வேலை போனது. பழைய கூட்டாளிமார் ஒலுவில் துறைமுகப் பக்கத்தில் காத்திருந்தார்கள். இந்தத் தரம் எடுப்பதோடு நிற்கவில்லை, மற்றப் பொடியன்மாருக்கு விற்கவும் தொடங்கினான். நஸ்லியா ஒன்றும் சொல்லவில்லை. ஃபோன் எடுத்தால், "நல்லா இரிக்கோம் மாமி" என்றாள். தண்ணீர் மோட்டர் எங்கே என்றால், "பழுது மாமி, திருத்தக் குடுத்திரிக்கி" என்றாள். அவள் வயிற்றில் பிள்ளை என்று கேள்விப்பட்டுத்தான் முனவ்வறா பலகாரப் பெட்டியோடு ஒரு வெள்ளிக்கிழமை போனாள்.

முன் கதவு இருந்தது. தெருவுக்குத் தெரிகிற கதவு என்பதால் இருந்தது. உள்ளே காலை வைத்தவள் பெட்டியை அப்படியே நிலத்தில் போட்டாள். அறைகளுக்குக் கதவில்லை. கதவு நிலைகளைக்கூட நிப்றாஸ் கிளப்பி விற்றிருந்தான். சுவரில் கல் பல்லிளித்துக்கொண்டு நின்றது. யன்னல்களுக்குப் பழைய சாக்கு. குசினியில் குழாய் இல்லை. கூடத்தில் ஒரே ஒரு சுவரில் மட்டும் ரோஸ் நிறத் திரையும் ஒரு பூச்சாடியும், அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையும். அந்தக் கதிரையில் நஸ்லியா ஃபோனோடு இருந்தாள். கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்ததை முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு, ஃபோனுக்குள் சிரித்தாள். குவைத்தில் தாய்க்கு லீவு நாள். இந்தச் சுவருக்கு முன்னால் இருந்துதான் அந்தப் பிள்ளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதைத்திருக்கிறாள்.

"ஆர் வந்திரிக்கா? மாமியா? குடு, குடு" என்றது உம்மு சல்மாவின் குரல்.

நஸ்லியா ஃபோனைக் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டாள். "மாமி, உங்கட காலப் பிடிச்சிக் கேட்கன்" என்று குசுகுசுத்தாள். "உம்மாக்குத் தெரிஞ்சா அங்கயே நெஞ்சு வெடிச்சிச் செத்துருவா. நல்லா இரிக்கன் எண்டு மட்டும் சொல்லுங்க."

முனவ்வறா ஃபோனை வாங்கினாள். ஃபோன் திரைக்குள் உம்மு சல்மா. முன்னையை விட மெலிந்து, யாருடைய வீட்டுக் குசினியிலோ நின்றாள்.

"மச்சி, எப்பிடிச் சுகம்? எண்ட புள்ள நல்லா இரிக்காளா?"

அன்று கையைப் பிடித்துக் கேட்டது மாதிரியே ஒரு கேள்வி. நஸ்லியா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு தலையை ஆட்டினாள். முனவ்வறா வாயைத் திறக்கவில்லை. தன் வாயில் அவளுக்கே நம்பிக்கை போய்விட்டிருந்தது. ஃபோனைத் திருப்பிப் பிடித்தாள். கூடத்தைக் காட்டினாள். அறை வாசலைக் காட்டினாள். சாக்குத் தொங்குகிற யன்னலை, குழாய் இல்லாத குசினியைக் காட்டினாள். கடைசியாக நஸ்லியாவிடம் வந்து முந்தானையை விலக்கி அந்த முகத்தையும் காட்டினாள். ஃபோனைத் தாழ்த்தவில்லை.

"ஏன் ஒண்டும் கதைக்கிறீங்க இல்ல?" என்று முதலில் கேட்ட உம்மு சல்மா, பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"முன் கதவு இரிக்கா?" என்றாள் கடைசியில்.

"இரிக்கி."

"அதப் பூட்டுங்க மச்சி. இனி அவன உள்ள எடுக்காதீங்க. எண்ட புள்ளயக் காப்பாத்துங்க."

முனவ்வறா போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பஸாலுக்கு ஃபோன் எடுத்து, பொலிசையும் அந்த டொக்டரையும் கூட்டி வரச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தக் கதவில் முதுகைக் கொடுத்து நிலத்தில் இருந்தாள். நஸ்லியா அவளுடைய மடியில் தலையை வைத்து விம்மினாள்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி முடிந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது. பிறகு வாசலில் கிடந்த செருப்பை அடையாளம் கண்டுவிட்டான் போலும், குரல் மாறியது.

"உம்மா? நீங்களா வந்திரிக்கீங்க? தொறங்க உம்மா."

அவள் அசையவில்லை. பல் கொட்டின வாயிலிருந்து காற்றோடு கலந்து வந்த அந்தக் குரலை அவளுக்கே அடையாளம் காணக் கஷ்டமாக இருந்தது. அவன் கதவில் சரிந்து மறுபக்கத்தில் உட்கார்ந்த பாரம் அவளுடைய முதுகுக்குத் தெரிந்தது.

"உம்மா, பசிக்கிது உம்மா. தின்ன ஏதும் கொண்டு வந்தீங்களா?"

பலகாரப் பெட்டி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. முனவ்வறா அதைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை.